பூஞ்சையை விட்டால் நஞ்சு மண் சுத்தமாகிவிடுமா?

மட்குமரம்:
மரம் பதனிடும் பட்டறை இருந்த இடத்து மண்ணை எல்லாம் தோண்டி எரிக்கத் தேவையில்லை, மரத்தை மட்கவைக்கும் வெள்ளை அழுகல் பூஞ்சையே பார்த்துக்கொள்ளும் என்பது என் கட்சி. 1990-இல் அமெரிக்காவில் லாமர், டீட்ரிச் என்ற ஆய்வாளர்கள் இருவரும், மரம் பதனிடும் மருந்தான பென்டாகுளோரோபீனால் ஊறிய மண்ணில், ஃபேனரோகீட்டே என்ற வெள்ளை அழுகல் பூஞ்சையைக் கலந்துவிட்டார்கள். ஆறரை வாரத்தில் 88 முதல் 91 சதவீதம் காணோம். இத்தனைக்கும் அந்த மருந்தே மரத்தைப் பூஞ்சை அரிக்கக்கூடாது என்று அடிப்பதுதான்!

கரம்பை:
காணோம் சரி, எங்கே போனது? அதே ஆய்வைக் கடைசி வரை படியுங்கள் நண்பரே. ஒரு சிறு பங்கு பென்டாகுளோரோஅனிசோலாக மாறியது, அதுவும் உயிர்களின் உடற்கொழுப்பில் போய்ச் சேருகிற சரக்குதான். மீதியில் பெரும்பகுதி, கரைப்பான் ஊற்றினாலும் பிரியாதபடி மண்ணோடு ஒட்டிக்கொண்டது. கருவியில் தெரியவில்லை என்பதற்காக அழிந்துவிட்டது என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

மட்குமரம்:
ஒட்டியது என்றால் சும்மா பசை போல ஒட்டவில்லை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைத்தான் இந்தப் பூஞ்சை சிதைக்கும்; அது ஒழுங்கில்லாமல் பின்னிக்கிடக்கும் பெரிய மூலக்கூறு, செல்லுக்குள் இழுக்க முடியாது. அதனால் பூஞ்சை நொதியை வெளியே விடுகிறது. லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடின் பலத்தில், எதிரே கிடப்பதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கும். மாங்கனீசு பெராக்சிடேஸோ மாங்கனீசு அயனியை ஏவிவிடும், நொதி நுழையாத இடுக்கிலும் அது நுழையும். அப்படி எலக்ட்ரான் பறிபோன துண்டுகள் மட்கோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடுகின்றன. பிறகு நிலத்தடி நீருக்கு எப்படி இறங்கும்?

கரம்பை:
மட்கும் ஒருநாள் சிதையுமே, அப்போது? 1985-இல் 'சயின்ஸ்' இதழில் டி.டி.டி., லிண்டேன், டையாக்சின் என்ற நஞ்சுகள் எல்லாவற்றையும் இந்தப் பூஞ்சை சிதைத்தது என்று வந்ததையும் ஊரெல்லாம் தூக்கிப்பிடிக்கிறார்கள். அது நைட்ரஜனைக் குறைத்துப் பட்டினி போட்டு வளர்த்த பூஞ்சை, அப்படியும் முழுதாகச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு வரை போனது சிறு பங்குதான். வயல் மண்ணில் யார் நைட்ரஜனை வடிகட்டுவது?

பிப்பெட்:
இடையில் வருகிறேன். பட்டினி விஷயம் உண்மை, ஆனால் லாமர் ஆய்வு நடந்தது திறந்தவெளியில், இந்தப் பூஞ்சைக்குப் பிடித்த சூடும் இல்லாமல், உரமும் போடாமல். அதனால் ஆய்வகத்துக்கு வெளியே வேலையே செய்யாது என்று தள்ளிவிட முடியாது. ஒன்று மட்டும் மட்குமரம் அண்ணா விட்டுவிட்டார்: இந்த நஞ்சு அதற்குச் சாப்பாடு கிடையாது. மரத்துக்காகச் சுரக்கிற நொதியில் இது சேர்ந்து அடிபடுகிறது, அவ்வளவுதான். அதற்குத் தீனியாகப் போடும் மரச்சில்லு தீர்ந்தால் வேலையும் நின்றுவிடும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் மலிவு என்று பேசக்கூடாது.

சண்டையைத் தீர்க்க வழி ஒன்று இருக்கிறது. பென்டாகுளோரோபீனாலின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு குளோரின். மூலக்கூறு உடைந்திருந்தால் அது குளோரைடாக வெளியே வந்தாக வேண்டும், கிலோ மண்ணுக்கு 400 மில்லிகிராம் நஞ்சு என்றால் கிட்டத்தட்ட 266 மில்லிகிராம். அடியில் நீர் கசியாத தாள் விரித்த பாத்தியில், பூஞ்சை விடாத மண்ணோடு ஒப்பிட்டு அளந்தால் போதும்.

கரம்பை:
அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் வந்தால் நானே மரச்சில்லு வாங்கித் தருகிறேன். அதுவரை அந்த மண்ணில் கீரை போடலாம் என்று யாரும் சொல்லாதீர்கள்.

மட்குமரம்:
கீரை போடச் சொன்னது யார்? எரிக்க வேண்டாம் என்றுதானே சொன்னேன்!