தூக்குமேடை ரீல்: கதையில் பிறந்ததா, சுருதியில் பிறந்ததா?

கமகம்:
கனடாவின் கியூபெக் மாகாண வயலின்காரர்கள் வாசிக்கும் ‘ரீல் து பாந்தூ’ கேட்டிருக்கிறீர்களா? ‘தூக்கிலேறப் போனவனின் ரீல்’ என்று பொருள்; ரீல் என்பது வேகமான ஒரு நடன மெட்டு. தூக்குத் தண்டனை பெற்ற ஒருவனிடம் சுருதி கலைந்த வயலினைக் கொடுத்து, இதில் ஒரு மெட்டு வாசித்தால் உனக்கு விடுதலை என்றார்களாம். அதற்கு முன் அவன் வயலினைத் தொட்டதே இல்லை. வாசித்தான், பிழைத்தான்.

எனக்கு இந்தக் கதையில் துளியும் நம்பிக்கை இல்லை. 1700-இல் ஸ்காட்லாந்தின் பான்ஃப் ஊரில் தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் மக்ஃபெர்சன் பற்றியும் இதே சாயலில் சொல்கிறார்கள்: தூக்குமேடையடியில் வயலின் வாசித்தான், வாங்கிக்கொள்ள யாரும் முன்வராததால் அதை உடைத்தான் என்று. 1759-இல் கியூபெக்கைப் பிடித்த ஆங்கிலேயர் பக்கம் ஃபிரேசரின் ஹைலேண்டர் என்ற ஸ்காட்லாந்துப் படையும் இருந்தது. போர் முடிந்ததும் அவர்களில் பலர் அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். ரீல் என்ற வடிவமே ஸ்காட்லாந்திலிருந்து வந்ததுதான். கதையும் அவர்களோடு கப்பலேறியிருக்கும் என்பது என் எண்ணம்.

தந்தி:
கதை நடந்ததா இல்லையாங்கிறதை விடுங்க, சுருதியைப் பாருங்க. வயலினுக்கு வழக்கமா கீழிருந்து ஜி, டி, ஏ, இ-ங்கிற மேல்நாட்டுச் சுரங்கள். இந்த ரீலுக்கு ஜியை ஏ வரைக்கும் ஏத்தணும், டியை இ வரைக்கும் ஏத்தணும். மூணாவது தந்தி அப்படியே இருக்கும். மேல் தந்தியை இ-யிலிருந்து சி ஷார்ப்புக்கு இறக்கணும். ஏ-யை ஷட்ஜமா வச்சுப் பாருங்க: ச, ப, ச, அந்தர காந்தாரம். நம்ம கர்நாடக வயலின்ல ச-ப-ச-ப. கடைசித் தந்தி ஒண்ணுதான் வித்தியாசம்!

விரலே வைக்காம வில்லை இழுத்தாலும் இனிமையாத்தான் கேக்கும், தப்பா ஒலிக்க வழியே இல்லை. முதல் பகுதியை வெறும் தந்திகள்லயே தட்டித் தடவி ஆரம்பிக்கிறவங்க இருக்காங்க. வாசிக்கத் தெரியாதவன் வழி கண்டுபிடிச்ச மாதிரியே இருக்கும். கதையை எடுத்துட்டா அந்தத் தயக்கத்தை எப்படி வாசிப்பீங்க?

கமகம்:
நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு. அமெரிக்கத் தெற்கில் ‘பிளாக் மவுண்டன் ராக்’ என்ற மெட்டை வாசிப்பவர்களும் இதே நான்கு சுரத்துக்குத்தான் தந்தியைத் திருப்புகிறார்கள். அங்கே தூக்குமேடையும் இல்லை, கைதியும் இல்லை. ஆக, சுருதி முன்னால் வந்தது. அது ஏன் இப்படி விநோதமாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்குப் பதிலாகக் கதை பின்னால் முளைத்தது.

பனிமழை:
பல வருஷமா மாண்ட்ரியாலில் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் காலை மறந்துட்டீங்க. இங்கே வயலின்காரர் நாற்காலியில உக்காந்து ரெண்டு காலாலும் தரையில தாளம் தட்டிக்கிட்டே வாசிப்பார். குதிகால், முன்பாதம், முன்பாதம்னு ஓயாம ஓடும். ஒரு வீட்டுச் சமையலறையில பக்கத்துல உக்காந்து கேட்டேன். மேசை மேல இருந்த தண்ணி டம்ளர் அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு.

இன்னொண்ணு, இந்த ரீலை ரெண்டு பேர் ஒரே மாதிரி வாசிச்சு நான் கேட்டதில்லை. ஒருத்தர் கூடுதலா ஒரு பகுதி சேர்ப்பார், இன்னொருத்தர் ஒரு இடத்துல ஒரு அடியை விழுங்கிடுவார். அதைப் பிழைன்னு இங்கே யாரும் சொல்ல மாட்டாங்க.

கமகம்:
ஆனால் இதை வாசித்துப் பதிவு செய்தவர்களில் பெரிய பெயர் ழான் கரிஞான் (1916–1988). மாண்ட்ரியாலில் டாக்சி ஓட்டியவர். கியூபெக்கின் ஜோசப் அல்லாரிடம் கற்றார், சரி. அதோடு அயர்லாந்தின் மைக்கேல் கோல்மன், ஸ்காட்லாந்தின் ஸ்காட் ஸ்கின்னர் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவரும் அவரே. பிறகு எது கியூபெக், எது ஸ்காட்லாந்து?

பனிமழை:
ஸ்கின்னர் இசைத்தட்டில் கால் சத்தம் உண்டா ஐயா? கரிஞான் எங்கிருந்து கத்துக்கிட்டாலும் அந்தக் காலோடதான் வாசிச்சார். மெட்டு வெளியிலிருந்து வந்திருக்கலாம், மறுக்கலை. அதை இந்த ஊர்க்காரங்க என்ன செஞ்சாங்கங்கிறதையும் தோற்றக் கணக்குல சேருங்க.

தந்தி:
நேத்து ராத்திரி என் வயலின்ல முயற்சி பண்ணினேன். ஜியை ஏத்தும்போது அறுந்துடுமோன்னு பயம். மேல் தந்தி தளர்ந்துபோய் வில்லுக்கு அடியில நெளியுது, கொஞ்சம் அழுத்தினாலும் சுரம் வழுக்குது. அரை மணி நேரம் கழிச்சு ரெண்டு ஏ-யும் சேர்ந்து நின்னப்ப, தொடாத தந்தியெல்லாம் கூடவே முனக ஆரம்பிச்சுது. ஸ்காட்லாந்தோ கியூபெக்கோ, தூக்குமேடைக்குக் கீழே நிக்கிறவன் கையில இப்படி ஒரு வயலினைக் கொடுக்கலாம்னு யாருக்கோ தோணியிருக்கு. அந்த மனசை விட்டுக்கொடுக்க எனக்கு முடியலை.

கமகம்:
விரல் வைக்காமல் முதல் நான்கு இழுப்பை மட்டும் பதிவு செய்து போடுங்கள். கேட்டுவிட்டு வருகிறேன்.