ஊசி போட்டுக்கொள்ளப் போய்வந்த கதை: வேலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் எழுதுங்கள்

பாலாற்று மணல், பள்ளிகொண்டா பக்கம்

2021 ஏப்ரல் 15, சித்திரைப் பிறப்புக்கு மறுநாள், கொரோனா ஊசிக்குப் போனோம். எனக்கு அப்போது 69, வீட்டுக்காரிக்கு 64. ஆதார், டோக்கன், வரிசை எல்லாம் உங்களுக்கே தெரியும், தாண்டிவிடுகிறேன். பக்கத்து ஊரில் "கையிருப்பு இல்லை" என்று அட்டை தொங்கியது. இன்னொரு பஸ் பிடித்து அடுத்த சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. எங்களையும் சேர்த்து ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம்.

"பத்துப் பேர் சேர்ந்தால்தான் குப்பியைத் திறப்போம், ஐயா" என்றார் செவிலியர். ஒரு கோவிஷீல்டு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் குப்பைக்குத்தான் போகும். அந்தப் பெண் சொன்னதில் தவறில்லை. ஆனால் வேலூர் வெயிலில் உச்சிப்பொழுதுக்குப் பத்தாவது ஆள் எங்கிருந்து வருவார்?

முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு என் மனைவி எழுந்து சாலைக்குப் போனாள். எதிரே புளியமரத்தடியில் ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். "தம்பி, உனக்கு நாற்பத்தைந்து ஆகிவிட்டதா?" என்று கேட்டாளாம். அந்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் 45 வயதானவர்களுக்கும் போட ஆரம்பித்திருந்தார்கள். ஆகிவிட்டது என்றிருக்கிறார். "காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் வியாபாரம் போய்விடும் அம்மா" என்றாராம். "ஒரு நாள் படுத்தால் என்ன தம்பி, நானே போட்டுக்கொள்கிறேன் பார்" என்று இவள் விடவில்லை. ஒன்பது நாள் முன்பு ஓட்டுப் போட்டபோது வைத்த வாக்காளர் அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. போன் இல்லை. என் எண்ணையே எழுதினார்கள்.

ஊசி போட்டதும் அவர் கையைத் தேய்த்துக்கொண்டு கடைக்கு ஓடினார். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று செவிலியர் கூப்பிட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது இரண்டு பேருக்கும் பனை ஓலையில் நுங்கு வைத்துக் கொடுத்தார். என்னிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள். அவரிடம் சில்லறை இல்லை. "அடுத்த ஊசிக்கு வரும்போது கொடுங்கள்" என்றார்.

சனிக்கிழமை காலை, நடிகர் விவேக் இறந்த செய்தி. அதே வியாழக்கிழமைதான் அவரும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "அந்தத் தம்பியை நான்தானே இழுத்துக்கொண்டு வந்தேன்" என்றாள். நான்கு நாள் கழித்து அந்தப் பக்கம் போன உறவுக்காரப் பையனைப் பார்த்துவரச் சொன்னோம். புளியமரத்தடியில் காய்ந்த பனங்காய் மட்டைகள்தான் கிடந்தனவாம். பிறகு ஊரடங்கு. இரண்டாவது ஊசி எங்கள் ஊரிலேயே முகாமில் போட்டுவிட்டார்கள். நாங்கள் அங்கே போகவே இல்லை.

தறிக்குழி, குடியாத்தம்

உங்களுக்காவது பத்தாவது ஆள் கிடைத்தார். எனக்குக் கிடைத்தது "84".

மார்ச் 27 அன்று காட்பாடிப் பக்கம் முதல் ஊசி. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஆறு வாரம் முடிந்த கையோடு ஊரடங்கு. பஸ் இல்லை. மே 17 அன்று அடுத்த வீட்டுக்காரரின் டிவிஎஸ் 50-இல் பின்னால் உட்கார்ந்து கே.வி.குப்பம், லத்தேரி வழியாகப் போனேன். முப்பது கிலோமீட்டருக்கு எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. வழியில் மூன்று இடத்தில் போலீஸ். கடைசி இடத்தில் நின்ற சின்ன வயதுக் காவலர் என் சீட்டைப் படித்துவிட்டு, "நல்லபடியாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், தாத்தா" என்று அனுப்பினார்.

மருத்துவமனையில் சீட்டை வாங்கிப் பார்த்த பெண், "51 நாள்தான் ஆகிறது, இப்போது 84 நாள் ஆக வேண்டும்" என்று சொல்லி, சீட்டின் பின்பக்கம் 84 என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். நான்கு நாள் முன்புதான் மாற்றினார்களாம். நான் செய்தி பார்க்கவில்லை. தறிக்காரன் வீட்டில் வேலை நின்றால் கேபிளுக்குக் காசு கட்டுவது முதலில் நிற்கும்.

அதுகூடப் போகட்டும். திரும்பும்போது அதே காவலர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். "போட்டாயிற்றா தாத்தா?" என்றார். "ஆயிற்று" என்று சொல்லிவிட்டேன். கையைக்கூடத் தடவிக் காட்டினேன். அவரிடம் ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வண்டி ஓட்டியவர் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓய்வூதியர், சத்துவாச்சாரி

என் அனுபவம் சுருக்கமானது. மார்ச் முதல் வாரம், தனியார் மருத்துவமனை, 250 ரூபாய், ஆட்டோவில் போனேன், ஆட்டோவில் வந்தேன், வலது கை இரண்டு நாள் வலித்தது.

குடியாத்தம் நண்பருக்கு ஒரு திருத்தம். இடைவெளியை 12 முதல் 16 வாரமாக மாற்றியது மே 13 என்பது சரி. ஆனால் ஏற்கெனவே இணையத்தில் நேரம் பதிவு செய்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அப்போதே தெளிவுபடுத்தியது. நேரில் போய் நின்றவர்களுக்குத்தான் 84 நாள் கட்டாயம். நீங்கள் பேரனிடம் சொல்லி முன்பே பதிவு செய்திருந்தால் அன்றே போட்டிருப்பார்கள். முன்பதிவு இல்லாமல் முப்பது கிலோமீட்டர் போனது உங்கள் பிழை என்றே சொல்வேன்.

பள்ளிகொண்டா ஐயா, விவேக் மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று ஆய்வுக் குழு பின்னர் சொல்லிவிட்டது. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். இன்னொன்று, ஒரு கைப்பேசி எண்ணில் நான்கு பேர்வரை பதிவு செய்ய இடம் இருந்தது. அந்த நுங்குக்காரர் உங்கள் எண்ணில்தான் இருக்கிறார். அரசின் ஊசிப் பதிவுத் தளமான கோவினில் உங்கள் எண்ணைக் கொடுத்து, வரும் கடவு எண்ணைப் போட்டால் அவர் பெயரும் தெரியும், இரண்டாவது தவணை போட்டாரா என்பதும் தெரியும். இதைச் செய்யாமல் இத்தனை ஆண்டுகள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது எனக்கு வியப்பாக இருக்கிறது.

பொதுவாகப் பெரியவர்கள் எந்த ஊசிக்குப் போனாலும் சிலவற்றை மறக்க வேண்டாம். வெறும் வயிற்றில் போகாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் புரியாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் சற்று அதிக நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அரை மணி நேரம் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், நுங்கு ஓடிவிடாது. தண்ணீர்ப் புட்டி, குடை, மூக்குக் கண்ணாடி, சில்லறை. இந்தச் சில்லறை விஷயத்தை நான் தனியாக ஒருமுறை எழுத வேண்டும்.

ஆற்காட்டு மருமகள்

சத்துவாச்சாரி ஐயா, அந்தத் தாத்தா யாரிடமும் திருத்தம் கேட்கவில்லை. பேரனுக்குப் போன் போட்டுப் பதிவு செய்வதெல்லாம் பேரன் போனை எடுக்கிற வீடுகளுக்கு.

என் மாமியாருக்கு 74. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று மே 8 அன்று வந்தது, 10-ஆம் தேதி பஸ்ஸே நின்றுவிட்டது. "இரண்டு நாள் மகாராணியாக இருந்தேன்" என்பார். அதனால் ஆட்டோ. அதை விடுங்கள்.

அங்கே போனால் திரைச்சீலை இல்லை. திறந்த வராந்தா, முன்னால் ஆண்கள் வரிசை. மாமியாரின் ரவிக்கைக் கை முழங்கைவரை இறுக்கமாகத் தைத்தது, மேலே ஏறவில்லை. இரண்டு கொக்கி கழற்றித் தோளைக் காட்ட வேண்டும். "இத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் மாட்டேன், கொரோனாவிலேயே போகிறேன்" என்று எழுந்துவிட்டார். அப்போது வரிசையிலிருந்த மூன்று பெண்கள் வந்து சுற்றி நின்று முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். அதில் ஒருவர் என் நாத்தனார். மாமியாரின் சொந்த மகள். வீட்டுப் பாகப்பிரிவினையில் சண்டை போட்டுப் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சு இல்லாதவர். முகக்கவசம் போட்டிருந்ததால் எனக்கே முதலில் தெரியவில்லை. மாமியாருக்குத் தெரிந்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஊசி போட்டு முடிந்ததும் நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றுவிட்டார். ஆட்டோவில் வரும்போது மாமியார் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பச்சைப் புடவைக்காரி சாப்பிட்டாளாமா?"

சிஸ்டர் அம்மா, ஒடுகத்தூர் பக்கம் (ஓய்வு)

நான் மேசைக்கு மறுபக்கம் இருந்தவள். பத்துப் பேர் சேரட்டும் என்று சொல்லி ஏச்சு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. குப்பி வீணானால் மாலையில் கணக்குக் கேட்பார்கள், காத்திருக்கும் பெரியவருக்குச் சர்க்கரை இறங்கினால் அதற்கும் நாங்கள்தான்.

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்திருந்தார். விடிவதற்கு முன் கிளம்பி நடந்து வந்தாராம். கூட வந்த பேரன் களைத்துப் படுத்துவிட்டான், பாட்டி நின்றுகொண்டிருந்தார். ரவிக்கை போடாதவர், ஆகவே ஆற்காட்டு அம்மாவின் சிக்கல் எனக்கு வரவில்லை. இடது தோளைத் துடைக்கப் போனால், அங்கே எட்டணா அளவுக்குக் குழிந்த தழும்பு. பெரியம்மைக்குக் குத்தியது. "இங்கேதான் அப்போதே குத்திவிட்டார்களே, மறுபடியும் எதற்கு? எழுதி வைக்கவில்லையா?" என்று கேட்டார். அது வேறு நோய் பாட்டி, அந்த நோயே இப்போது இல்லை, உங்களைப் போன்றவர்கள் குத்திக்கொண்டதால்தான் போயிற்று என்றேன். "அப்போது நாங்கள் மலையில் ஓடி ஒளிந்தோம், பிடித்து வந்து குத்தினார்கள். இப்போது நான் ஓடி வந்திருக்கிறேன், நீ காக்க வைக்கிறாய்" என்றார்.

அன்று எட்டுப் பேர். மேலதிகாரியைக் கேட்காமல் குப்பியைத் திறந்துவிட்டேன். இரண்டு பேருடைய மருந்து வீணாயிற்று. பதிவேட்டில் எப்படி எழுதினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பொன்னையாற்றுப் பிள்ளை

தலைப்பு கொரோனாவைப் பற்றி மட்டும் இல்லை என்பதால் எழுதுகிறேன். 1962-ல் எனக்கு ஒன்பது வயது. நாய் கடித்தது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, நாளுக்கு ஒன்று. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. குன்னூரிலிருந்து வருகிறது என்பார்கள். அந்த வகை ஊசியை 2004-ஓடு நிறுத்திவிட்டார்கள். அப்பா தினமும் பொன்னையாற்று மணலைத் தாண்டி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வயிற்றைச் சிலேட்டுப் பலகை என்று நினைத்துக்கொள் என்று கம்பவுண்டர் சொல்லுவார். போட்ட இடத்தில் போடாமல் இருக்க மையால் புள்ளி வைப்பார். பத்தாவது நாள் அப்பா, "இன்று ஒரு நாள் விட்டுவிடலாமா?" என்று ஆற்று நடுவில் நின்று கேட்டார். அவருக்குக் கால் வெந்துபோயிருந்தது. நான் வேண்டாம், போகலாம் என்றேன். ஊசிக்குப் பயந்தவன் எப்படி அதைச் சொன்னேன்? அன்று ஊசி முடிந்ததும் கிடைக்கிற பொரி உருண்டைக்காகத்தான். அப்பா வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, சாகும்வரை ஊரெல்லாம் என் தைரியத்தைச் சொல்லித் திரிந்தார்.

ஓய்வூதியர், சத்துவாச்சாரி

ஆற்காட்டு அம்மாவுக்கு: பிழை என்று சொன்னது கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விதி விதிதான். நாய் கடித்தால் இப்போது கையில்தான் ஊசி. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பொன்னையாற்று ஐயா இதையும் எழுதியிருக்கலாம்.

தறிக்குழி, குடியாத்தம்

விதி எனக்கும் தெரியும் ஐயா, சீட்டின் பின்னால் எழுதியே கொடுத்தார்கள். ஜூன் 19 அன்று மறுபடியும் அதே வண்டியில்தான் போனேன். அந்தக் காவலர் அங்கே இல்லை.

பாலாற்று மணல், பள்ளிகொண்டா பக்கம்

சத்துவாச்சாரிக்காரர் சொன்னபடி மகன் நேற்று இரவு பார்த்தான். என் பெயர், அவள் பெயர், அதற்குக் கீழே அவர் பெயர். எங்கள் இருவருக்கும் இரண்டு தவணை. அவருக்கு ஒன்றுதான் காட்டுகிறது. பிறந்த ஆண்டு 1972 என்று போட்டிருந்தது. மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். "நாற்பத்தொன்பதுதானா? ஐம்பத்தைந்துக்கு மேல் என்று நினைத்தல்லவா கூப்பிட்டேன்" என்றாள்.

செப்டம்பர் முகாம்களில் வேறு எண்ணில் புதிதாகப் பதிவு செய்து போட்டிருப்பார்கள், அப்படி நிறையப் பேருக்கு நடந்தது என்று மகன் சொல்கிறான். சிஸ்டர் அம்மா, அப்படி நடக்குமா? நடக்கும் என்றால் ஒரு வரி எழுதுங்கள், அவளுக்குக் காட்ட வேண்டும். நுங்குக்கு எவ்வளவு என்று அன்று கேட்காமல் வந்துவிட்டோம். ஐம்பது ரூபாய் இருக்கலாம் என்பது அவள் கணக்கு. அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள், எடுத்துச் செலவழிக்க விடமாட்டாள். நுங்கு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.