வீடு தேடி வந்த நர்சம்மா: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலையடிவாரம் எழுதியது:

கிராம சுகாதார செவிலியராக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிரசவமான வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பாதி. "இப்படி வீடு வீடாகப் போனதால் உண்மையிலேயே பலன் இருந்ததாம்மா?" என்று பொது சுகாதாரம் படிக்கும் என் மகள் கேட்டாள். ஆராய்ச்சிக் கட்டுரைகளை எடுத்து வாசித்தும் காட்டினாள். கேட்கக் கேட்க எனக்கு ஒரே ஒரு வீடுதான் கண்ணில் நின்றது.

2003. பத்தொன்பது வயசுப் பெண், தலைப்பிரசவம். பெற்ற தாய் இல்லாதவள் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏழாம் நாள் போனேன். தொப்புள் காய்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை. தாய்ப்பால் கொடுக்கிறாள். பிள்ளை 2.3 கிலோ. எல்லாம் குறித்துக்கொண்டு திண்ணையில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். பிள்ளை மடியில் பால் குடிக்கிறது, அவள் கண் எதிர்ச்சுவர்க் காலண்டரில் நிலைகுத்தி நிற்கிறது. ரவிக்கையில் பால் கசிந்து காய்ந்து வட்டம் வட்டமாகக் கறை. தலை வாரி நாலு நாளாவது இருக்கும். இன்னும் ஆறு வீடு பாக்கி என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

பதினான்காம் நாள் பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டால் நூறு கிராம் இறங்கியிருந்தது. "அது அழுதா பக்கத்து வீட்டுப் பிள்ளை அழற மாதிரி இருக்கு நர்சம்மா" என்றாள். அன்றைக்கு மற்ற வீடுகளை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு மாசம் வாரத்துக்கு இரண்டு தடவை போனேன். டாக்டரிடம் மாமியாரையே கூட்டிக்கொண்டு போக வைத்தேன். மெல்லத் தேறிவிட்டாள். ஆனால் ஏழாம் நாள் நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவள் மனசைக் குறிக்க என் பதிவேட்டில் ஒரு கட்டம் கிடையாது.

உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்? வந்தவர் என்ன செய்தார்? எழுதுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

என் மூத்தவன் பிறந்தபோது 1 கிலோ 800 கிராம். ஆஸ்பத்திரியில் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டில் அத்தை விடவில்லை. "பச்ச உடம்புக்காரி, பிள்ளையத் தொட்டில்ல போடு" என்பார். பிள்ளை நாக்கில் சேனைத் தண்ணீர் வைக்கவும் உரை மருந்து கொடுக்கவும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பகுதி நர்சம்மா வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் அத்தையிடம், "நீங்க எத்தனை பெத்தீங்கம்மா?" என்று கேட்டார். அத்தைக்கு ஆறு பிறந்து நாலு தங்கியது. போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி அத்தை வாய் திறந்து பேசி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். ஒன்று குறைமாசம். உடம்பு ஜில்லிட்டுப் போய் மூன்றாம் நாள் இறந்ததாம். நர்சம்மா எழுந்து வந்து, அத்தை கையாலேயே பிள்ளையை என் நெஞ்சில் வைக்கச் சொல்லி, மேலே பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டவும் சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம் பிள்ளையைத் தொட்டிலில் போட விடாமல் காவல் காத்தது அத்தைதான். சேனையும் நின்றது.

களத்துமேடு எழுதியது:

நான் ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவன். பிரசவமான பெண்களின் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு. எல்லாம் கடந்த ஏழு நாளைப் பற்றியவை. முதல் கேள்வியே சிரிக்க முடிந்ததா என்பது. ஒரு அக்கா, "சிரிக்கிறதுக்கு யாரு வந்தா?" என்று திருப்பிக் கேட்டார். எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியாமல் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். நம் பெண்கள் மனசு சரியில்லை என்று சொல்வதில்லை. "உடம்பு எரியுது", "தலை கனக்குது", "சோறு இறங்கல" என்பார்கள். அதைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு ஆள்.

மலையடிவாரம் அம்மா சொன்ன பெண்ணைப் போன்றவர்கள் அபூர்வம் இல்லை. வேலூர் பக்கம் கணியம்பாடி ஒன்றியத்தில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்களைப் படித்தால் நம் தெருவே தெரியும்: வருமானக் குறைவு, ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் உறவு சரியில்லாதது, கைவேலைக்கு ஆள் இல்லாதது.

இதற்கு வீட்டுக்குப் போய் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பாகிஸ்தான் ஆய்வு. 2008-ல் வெளிவந்தது. ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். மனச்சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிகள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்குப் பயிற்சி பெற்றவர்கள் கடைசி மாதத்திலிருந்து பிள்ளைக்குப் பத்து மாதம் ஆகும்வரை 16 தடவை போய்ப் பேசினார்கள். இன்னொரு பாதிக்கு வழக்கமான பார்வை, அதுவும் அதே 16 தடவை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது முதல் பாதியில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. இரண்டாம் பாதியில் 53 சதவீதம். படியேறிய எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றே. உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்பதில்தான் வித்தியாசம். இந்த ஒரு விஷயத்துக்காகவே எல்லா மேலதிகாரிகளுக்கும் அதை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றும்.

வன்னிமண் எழுதியது:

எங்கட பக்கம் மிட்வைஃப் மிஸ் எண்டுதான் சொல்லுவம், குடும்பநல உத்தியோகத்தர். இலங்கையில இந்த முறை 1926-ல களுத்துறையில தொடங்கின சுகாதாரப் பிரிவோட வந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தறப்பாள் கொட்டிலுக்க இருக்கேக்க என்ர மகள் பிறந்தவள். வளவுக்கு இலக்கம் இல்லை, ஒழுங்கை முழுக்கச் சேறு. மிஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு, "ஆரும் பிள்ளை பெத்தனீங்களோ" எண்டு கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தவா. திரிபோஷா சத்துமாவும் கிளினிக் கொப்பியும் தந்தவா. அதுகளை விட, என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவா. அந்த நாளையில நிவாரணப் பட்டியல்ல ஒரு நம்பராத்தான் இருந்தனான்.

ஈஸ்ட்ஹாம் அக்கா எழுதியது:

லண்டனில் தமிழ்த் தாய்மாருக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இங்கே வீட்டுக்கு வருபவரை ஹெல்த் விசிட்டர் என்பார்கள். ஒரு வீட்டில், "உங்களை யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா?" என்று கேட்க வேண்டிய இடம். கணவரின் அம்மா சோபாவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஹெல்த் விசிட்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "பிள்ளையை எடை போடப் படுக்கையறைத் தரை சமமாக இருக்கும்" என்று எழுந்துவிட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அந்தப் பெண் தமிழில் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, மெதுவாப் பேசுங்க." அடுத்த பத்து நிமிஷத்தை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஆராய்ச்சி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் நியூயார்க் மாநிலத்து எல்மைரா ஊரில் 1978-ல் தொடங்கிய, செவிலியர் வீட்டுக்கே போகும் திட்டத்தைத்தான், இங்கிலாந்தில் பதின்வயதுத் தாய்களுக்காகக் கொண்டுவந்தார்கள். எல்மைராவில் 400 தாய்கள். பதினைந்து வருஷம் கழித்தும் பிள்ளைகள் மீதான கொடுமையும் புறக்கணிப்பும் செவிலியர் போன குடும்பங்களில் குறைவாக இருந்தன. ஆனால் 2016-ல் வந்த இங்கிலாந்து ஆய்வில், புகைப்பது, பிறப்பு எடை, அடுத்த கர்ப்பம், அவசர சிகிச்சைக்கு ஓடுவது என முக்கியமாக எடுத்துக்கொண்ட நான்கிலும் பலன் தெரியவில்லை. படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ்தான் விளக்கினார்: இங்கே மருத்துவச்சியும் ஹெல்த் விசிட்டரும் எல்லோருக்கும் ஏற்கெனவே வருகிறார்கள். எதுவும் இல்லாத ஊரில் ஒருவர் போவதும், ஏற்கெனவே இருவர் வரும் ஊரில் மூன்றாவதாக ஒருவர் போவதும் ஒன்றா?

களத்துமேடு எழுதியது:

அக்கா, அந்தக் கேள்வி முக்கியம். கூடவே இன்னொரு சண்டையும் உண்டு: போகிறவர் நர்ஸாக இருந்தே தீர வேண்டுமா? அமெரிக்காவில் டென்வரில் 1994-ல் இதையே சோதித்தார்கள். செவிலியர் படிப்பு இல்லாதவர்கள் போன வீடுகளில் பலன் ஏறக்குறைய பாதிதான். ஆனால் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-ல் தொடங்கி, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில் போனவர்கள் சாதாரண சமூக சுகாதார உதவியாளர்கள். வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம். பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த பொம்மையை வைத்து எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இருபது வருஷம் கழித்து, அப்படி விளையாட்டுக் காட்டிய பிள்ளைகளின் சம்பாத்தியம் ஆய்வில் இருந்த காட்டாத பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம். நம் நாட்டில் மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி பயிற்சி கொடுத்தது கிராமத்துப் பெண்களுக்குத்தான். மூன்றாம் வருஷத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பிட்ட கிராமங்களைவிட 62 சதவீதம் குறைவு. பட்டம் இல்லாதவர்களாலும் முடியும். ஆனால் பயிற்சியும், பின்னால் நின்று தாங்க ஒருவரும் வேண்டும். அதைக் கொடுக்காமல் பதிவேட்டை மட்டும் தடிமனாக்கினால் அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம் அது.

வைகைக்கரை எழுதியது:

மலையடிவாரம் அம்மா, ஒரு சந்தேகம். என் தங்கை இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறாள். ஈஸ்ட்ஹாம் அக்கா சொன்ன மாதிரி மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது என்று கேட்கிறாள். நம் வீடுகளில் ஒரே ஒரு அறைதானே?

மலையடிவாரம் எழுதியது:

நான் கை கழுவ வெந்நீர் கேட்பேன் கண்ணு. விறகடுப்புக் காலத்தில் அதற்குப் பத்து நிமிஷம் ஆகும், பேச வேண்டியதைப் பேசிவிடலாம். கேஸ் வந்த பிறகு மூன்று நிமிஷத்தில் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதனால் முருங்கை மரம் இருக்கிற வீடாக இருந்தால், பிள்ளை பெற்றவளுக்கு இன்றைக்கே கீரை வேண்டும், கொழுந்தாகப் பார்த்து நீங்களே பறித்து வாங்கம்மா என்று அனுப்பிவிடுவேன். உன் தங்கையிடம் சொல்லு.