ஒலிக்கோப்பை நிறத்தில் பார்த்து எடிட் செய்வது சரியா?

ஒலிப்பித்தன்:
குரல் பதிவை எடிட் செய்பவர்கள் பலர் இன்னும் ஒலியின் ஏற்ற இறக்கத்தை அலைக்கோடாகக் காட்டும் வேவ்ஃபார்மை மட்டுமே நம்புகிறார்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ட்ராக் மெனுவைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாற்றிப் பாருங்கள். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண், நிறம்தான் ஒலியின் வலிமை. வேவ்ஃபார்மில் குரலுக்குள் ஒளிந்திருக்கும் மின் ரீங்காரம் இங்கே 50, 100, 150 ஹெர்ட்ஸில் கிடைக்கோடுகளாக நிற்கும். க்ளிக் சத்தம் மேலிருந்து கீழ்வரை ஒரே கீற்று. இவ்வளவு தெரியும்போது ஏன் குருட்டாம்போக்கில் வெட்ட வேண்டும்?

செவிச்செல்வம்:
தெரிவதையெல்லாம் வெட்டத் தொடங்குவதுதான் பிரச்சினையே. நிறம் ஆற்றலைச் சொல்கிறது, கேட்குமா என்பதைச் சொல்வதில்லை. நம் காது 3000 ஹெர்ட்ஸ் பக்கம் மிகக் கூர்மை, 50 ஹெர்ட்ஸில் மந்தம். திரையில் பளிச்சென்ற கோடு காதில் விழாமலே போகலாம். மங்கிய புள்ளி ஒன்று உயிரை எடுக்கும். படத்தைப் பார்த்தே மூச்சுகளைத் துடைத்தெடுத்த பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். பேசுவது மனிதர் என்றே தோன்றாது.

ஒலிப்பித்தன்:
மூச்சு விஷயம் நியாயம். ஆனால் 50 ஹெர்ட்ஸ் உங்களுக்குக் கேட்காததற்கு உங்கள் சின்ன ஸ்பீக்கரே காரணமாக இருக்கலாம். சப்வூஃபர் வைத்துக் கேட்பவருக்கு அது உறுமும். கருவி தராததைக் காது எப்படிக் கண்டுபிடிக்கும்?

மெல்லினம்:
இருவருமே படத்தைக் கோப்பின் புகைப்படம் மாதிரி பேசுகிறீர்கள். படத்தைத் தீர்மானிப்பது செட்டிங்ஸ். 44,100 ஹெர்ட்ஸ் கோப்பில் (நொடிக்கு 44,100 மாதிரிகள்) விண்டோ சைஸ், அதாவது ஒரே தடவையில் அலசும் மாதிரிகளின் எண்ணிக்கை, 8192 என்றால் ஒவ்வொரு துண்டும் 186 மில்லிசெகண்ட், அதிர்வெண் இடைவெளி 5.4 ஹெர்ட்ஸ். ரீங்காரக் கோடுகள் தனித்தனியாகப் பிரியும், க்ளிக் அகன்று மங்கிவிடும். 256 வைத்தால் 5.8 மில்லிசெகண்ட், 172 ஹெர்ட்ஸ்: க்ளிக் கூராகும், ரீங்காரக் கோடுகள் ஒன்றாய்க் குழம்பும். இரண்டையும் ஒரே படத்தில் பெற முடியாது. படம் காட்டும் வலிமை வரம்பான ரேஞ்சை 80 டெசிபலிலிருந்து 40 ஆக்குங்கள், இரைச்சலான பதிவுகூடச் சுத்தமாகத் தெரியும்.

வானவில் நிறங்கள் இன்னும் மோசம். மஞ்சள் நடுவில் வருவதால் நடுத்தர ஒலிதான் கண்ணைப் பறிக்கும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவருக்குப் படமே வேறு. வரைபடம் வரையும் மென்பொருளான மேட்பிளாட்லிப் 2017-இல் வெளியிட்ட 2.0 பதிப்பில் பழைய வானவில்லை விட்டு, வெளிச்சம் சீராக ஏறும் விரிடிஸ் நிறவரிசைக்கு மாறியது சும்மா இல்லை. எடிட்டிங்கிற்கு நான் சாம்பல் நிறம்தான் வைப்பேன்.

ஒலிப்பித்தன்:
செட்டிங்ஸ் மாற்றினால் படம் மாறும் என்பது அதை விடுவதற்குக் காரணமாகாது, கற்றுக்கொள்வதற்குத்தான் காரணம். இன்னொன்று: 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) என்று வரும் எம்பி3-இல் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்தது போல் கறுப்பாக இருந்தால், 128-இலிருந்து ஊதிப் பெருக்கியது என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

மெல்லினம்:
சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. மூலப் பதிவிலேயே அதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், ஃபில்டர் போட்டிருக்கலாம்.

செவிச்செல்வம்:
ஒரு வேலைக்கு மட்டும் ஸ்பெக்ட்ரோகிராமை ஒப்புக்கொள்கிறேன். பேச்சின் மேல் போன் மணி விழுந்தால், மணியின் மெல்லிய கோடுகளை மட்டும் ஸ்பெக்ட்ரல் செலக்ஷனில் பிடித்துக் குறைத்துவிட்டுப் பேச்சைக் காப்பாற்றலாம். வேவ்ஃபார்மில் அது நடக்காது. ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதைத் திரையை அணைத்துவிட்டுத்தான் முடிவு செய்வேன்.