சாரல் தொடங்கியதிலிருந்து படுக்கையறையில் பூசண வாடை, என்ன செய்யலாம்?

வணக்கம். செங்கோட்டையில் தரைத்தளக் கான்கிரீட் வீடு. ஜூனில் சாரல் தொடங்கியதிலிருந்து மேற்குப் பக்கப் படுக்கையறையில் பூசண வாடை. பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவு பூட்டிவைத்துக் காலையில் திறந்தால் மூக்கில் அடிக்கிறது. அம்மாவுக்கு வீசிங் உண்டு, அதுதான் பெரிய கவலை.

தினமும் தரை துடைக்கிறோம். சாம்பிராணி வாடையைக் கொஞ்ச நேரம் மறைத்தது, அவ்வளவுதான். புகை அம்மாவுக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டோம். புழங்காத குளியலறையில் தரை ஜாலிக்குக் கீழே தண்ணீர் வற்றியிருந்தது. ஒரு வாளி ஊற்றியதும் அங்கே சாக்கடை நாற்றம் நின்றது. அப்புறம் ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின். கதவு ரப்பரின் மடிப்பை விரித்தால் கறுப்பு வழவழப்பு, ஊறிய பஞ்சு, ஒரு சட்டைப் பொத்தான். துடைத்து, வெந்நீரில் காலியாக ஓட்டி, இப்போது கதவைத் திறந்தே வைக்கிறோம். துணி வாடை போனது, அறை வாடை போகவில்லை.

கடைசியில் மர பீரோவை நகர்த்தினேன். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு பெயின்ட் கொப்பளித்திருக்கிறது, தொட்டால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. வெளியே அதே சுவரை ஒட்டித் தோட்டத்து மண் மேடு. ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தும் கறுப்புப் புள்ளிகள் திரும்ப வந்துவிட்டன. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் பெயின்டர். ஈரத்தை உள்ளே வைத்து மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தென்காசி, புளியரை, ஆரியங்காவு பக்கம் இதைச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்: மழை ஓயும்வரை காத்திருக்காமல் இந்தச் சுவரின் ஈரத்தை நிறுத்த முதலில் எதைச் செய்ய வேண்டும்?