விருப்பம் மாறும்போது நெறியும் மாறலாமா?

உருத்திரபுரத்தான் கேட்கிறார்:

வணக்கம். எங்களுடையது கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கின்ற குடும்பம். மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் விதைக்கப்படும் இங்கு, கோடையில் செய்யும் சிறுபோகம் வந்தால் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் ஏக்கர் தீர்மானிக்கப்படும். கூட்டத்தில் எல்லோரும் அதற்கு உடன்பட்டு, முறை வைத்துத் தண்ணீர் எடுக்கிறோம். எங்கள் வயல் வாய்க்காலின் தொடக்கத்தில், தலைமடையில் இருக்கிறது. நெல் கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நிற்கும்போது, எங்கள் முறையில்லாத ஓர் இரவில் மடையைச் சற்றுத் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியவராது. அப்பா தன் வாழ்நாளில் அதைச் செய்ததில்லை. தம்பியோ, "அப்பாவுக்கு அப்படி இருப்பது பிடித்திருந்தது, எனக்கு என் பயிரைக் காப்பாற்றுவது பிடித்திருக்கிறது, இரண்டும் விருப்பம்தானே" என்கிறான். அறநெறி என்பது நெடுங்காலம் மாறாதிருக்கும் விருப்பம் மட்டும்தானா? அவனுக்கு நியாயமான மறுமொழி ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

மல்லாவி ஆசிரியர்:

தம்பி, விருப்பமும் அறநெறியும் வேறு என்பதே என் உறுதியான எண்ணம். ஒருவருக்கு மொட்டைக்கறுப்பன் சோறு பிடிக்கும், இன்னொருவருக்குச் சம்பா பிடிக்கும். ஏன் என்று கேட்டால் "பிடிக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும், அதில் பிழையுமில்லை. ஆனால் இன்னொருவருடைய தண்ணீரை எடுப்பதற்குப் "பிடிக்கும்" என்பது காரணமாகாது, ஏனென்றால் அங்கே கணக்குக் கேட்க உரிமையுள்ள வேறொருவர் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறார்.

ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் 1785இல் இதைப் பற்றி எழுதியபோது ஒரு மனிதரை எடுத்துக்காட்டினார். இயல்பிலேயே இரக்கமுள்ள அவர், பிறருக்கு உதவுவதில் மகிழ்ச்சி காண்பவர். பின்னர் சொந்தத் துயரம் அவருடைய மனத்தை மூடிவிடுகிறது, பிறர் துன்பம் அவரை அசைப்பதில்லை. அப்படியிருந்தும், உதவ வேண்டியது கடமை என்பதற்காகவே எழுந்து உதவுகிறார். அப்போதுதான் அச்செயல் உண்மையான அறமதிப்பைப் பெறுகிறது என்பது கான்டின் வாதம். 2009இல் போர் முடிந்த பின்னர் எமது ஊர்களில் தம்முடையவர்களை இழந்த நிலையிலும் அயலவரின் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவர்களை நினைக்கும்போது, இது ஏட்டில் மட்டும் உள்ள மனிதரைப் பற்றிய பேச்சாக எனக்குத் தோன்றுவதில்லை. அவர்களிடம் "உங்களுக்கு இது விருப்பமா" என்று கேட்டிருந்தால் அந்தக் கேள்வியே பொருத்தமற்றதாக இருந்திருக்கும்.

முத்தையன்கட்டுக் கமக்காரன்:

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். அத்துடன் ஒன்று: குளத்தின் துருசு (மதகு) திறப்பதற்கு முன்பே கூட்டம் வைத்து முறையைத் தீர்மானிப்பது ஏன்? பயிர் வாடும் நேரத்தில் எவருடைய மனமும் தன் வயலின் பக்கமே சாயும் என்பது முன்னோருக்குத் தெரியும். மனம் சாயாத நேரத்தில் எடுத்த முடிவு, சாயும் நேரத்தில் நம்மைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். உங்கள் தம்பியும் அந்தக் கூட்டத்தில் கை உயர்த்தியவர்தானே?

புதுக்குடியிருப்பு வாசகி:

இங்கே நான் சற்று வேறுபடுகிறேன். கொள்கை என்ற பெயரில் விருப்பத்தைக் காப்பாற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். உழவு இயந்திரம் உரிய நேரத்தில் கிடைக்காததால் பிந்தி விதைத்த, தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணின் வயலுக்குக் கடைசியாக இன்னொரு முறை தண்ணீர் தேவைப்பட்டபோது, தங்கள் நெல் முற்றிவிட்ட அயலவர்கள் "முறை முறைதான்" என்றதைக் கேட்டிருக்கிறேன். அது நெறியல்ல, தங்களுக்கு இழப்பில்லாத இடத்தில் காட்டிய கண்டிப்பு. ஆகவே முறையை மாற்றவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கடைமடையில் நிற்பவரின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய காரணத்துக்காக, எல்லோரும் அறிய, கூட்டத்தில் வைத்து மாற்றலாம். இரவில் தனியாக மாற்றுவதற்கு அப்படியொரு காரணம் கிடைக்காது.

கான்டைப் பற்றியும் ஒரு சொல். நேர்மையாக நடப்பதில் மகிழ்ச்சி காணாதவனை நேர்மையானவன் என்று சொல்ல முடியாது என்று பண்டைய கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டில் கருதினார். நல்லதைச் செய்து பழகப் பழக விருப்பமும் அதன் வழிக்கு வந்துவிடும் என்பது அவருடைய பார்வை. உங்கள் அப்பாவுக்கு அது "பிடித்திருந்தது" என்றால், அந்தப் பிடிப்பு எங்கிருந்து வந்தது என்று தம்பியைக் கேளுங்கள்.

உருத்திரபுரத்தான்:

மூவருக்கும் நன்றி. தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். கூட்டத்தில் கை உயர்த்தியது பற்றிய கேள்விக்கு அவனிடம் மறுமொழி இல்லை. ஆனால், "மற்றவர்கள் இரவில் திறக்கும்போது நான் மட்டும் ஏன் இழக்க வேண்டும்" என்று கேட்கிறான்.

முத்தையன்கட்டுக் கமக்காரன்:

திறப்பவர்கள் இருந்தால் வாய்க்கால் பிரதிநிதியிடம் சொல்லி, கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் அதை வெளிப்படையாகப் பேசச் சொல்லுங்கள். எவரும் கேட்காவிட்டால் உங்கள் தம்பிக்கு இழப்பு வரலாம், அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. என்றாலும், அவர் திறக்கும் தண்ணீர் அந்தக் களவெடுத்தவர்களுடையது அல்ல. அவர்களைப் போலவே முறைக்காகக் காத்திராமல் எடுத்தால், காத்திருக்கும் கடைமடைக்காரரே இரண்டாவது தடவையும் இழப்பார்.