கூடைத் தொகைக்கு ஏற்ற தள்ளுபடி: ₹5,100க்கு ஒரு விகிதம், ₹5,400க்கு வேறொரு விகிதம் விழுகிறது, உதவி தேவை

கேள்வி (மயிலாப்பூர், சேலை விற்பனை)

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் வீட்டிலிருந்தபடியே கைத்தறிச் சேலைகளையும், தைத்த குர்தாக்கள் சிலவற்றையும் இணையத்தில் விற்று வருகிறேன். கடை வேர்ட்பிரஸ்ஸில் (இணையதளம் அமைக்கும் மென்பொருள்) வூகாமர்ஸ் (அதில் இணையக்கடை நடத்த உதவும் மென்பொருள்) கொண்டு அமைக்கப்பட்டது. ஆடி பிறக்க ஆறு நாட்களே உள்ளன. தி.நகர்க் கடைகளில் தள்ளுபடிப் பலகைகள் ஏறிவிட்டதால் என் வாடிக்கையாளர்களும் தினமும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் தர விரும்புவது இதுதான்: கூடையில் ₹2,000 சேர்ந்தால் 5 சதவீதம், ₹5,000 சேர்ந்தால் 10 சதவீதம், ₹10,000 சேர்ந்தால் 15 சதவீதம். வூகாமர்ஸின் சொந்தக் கூப்பன் வசதியில் வாடிக்கையாளர் குறியீட்டைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. என் வாடிக்கையாளர்களில் பலர் வயதான அம்மாக்கள், அவர்களுக்கு அது சிரமம். அதனால் தள்ளுபடி தானாக விழும்படி தனிப் பிளகின் (கடையோடு இணைக்கும் கூடுதல் மென்பொருள்) ஒன்றை நிறுவி, அதில் மூன்று விதிகளை எழுதினேன். மூன்றிலும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் நிரப்பினேன். அதிகபட்சத் தொகையின் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

சேலைகளை மட்டும் போட்டுச் சோதித்தபோது கிடைத்த தள்ளுபடிகளை அப்படியே தருகிறேன். ₹5,100க்கு ₹255. ₹5,400க்கு ₹783. ₹11,000க்கு ₹1,595. ₹12,000க்கு ₹3,279. இவற்றில் ஒன்றுகூட நான் அறிவித்த விகிதத்தில் இல்லை. ₹5,100க்கு வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார். ₹12,000க்கு வாங்குபவரிடம் நான் கைக்காசை இழக்கிறேன். பிளகினை நீக்கி மீண்டும் நிறுவியும் இதே எண்கள்தான் வருகின்றன. எங்கே தவறு செய்தேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி 1 (பெரம்பூர்)

அதிகபட்சத் தொகையை வெறுமையாக விட்டதுதான் காரணம் என்று தோன்றுகிறது, மேடம். ₹5,400 என்பது ₹2,000ஐயும் தாண்டியதுதான், ₹5,000ஐயும் தாண்டியதுதான்; ஆகவே இரண்டு விதிகளும் பொருந்துகின்றன. முதல் விதிக்கு ₹4,999, இரண்டாம் விதிக்கு ₹9,999 என்று அதிகபட்சம் கொடுத்துப் பாருங்கள். பெரிய தள்ளுபடி முதலில் வரும்படி வரிசையையும் தலைகீழாக மாற்றிவிடுங்கள், பாதுகாப்பாக இருக்கும்.

கேட்டவர்

நன்றி ஐயா. சொன்னபடியே அதிகபட்சத்தை நிரப்பி, 15, 10, 5 என்ற வரிசையிலும் வைத்தேன். ₹5,100க்கும் ₹5,400க்கும் இப்போது ஒரே விகிதம் வருகிறது, ஆனால் அதுவும் தவறான விகிதம்: ₹5,400க்கு மறுபடியும் அதே ₹783. ₹10,400 வைத்துப் பார்த்தால் ₹2,444 கழிகிறது; 15 சதவீதம் என்றால் ₹1,560தானே வர வேண்டும்? இதற்குப் பிறகு எதைத் தொடுவதற்கும் அச்சமாக இருக்கிறது.

மறுமொழி 2 (அம்பத்தூர், இணையக்கடை அமைப்புப் பணி)

எண்களை ஒளிக்காமல் கொடுத்தது மிகவும் உதவியாக இருந்தது. பெரும்பாலானோர் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுவார்கள். உங்கள் எண்களே விடையைச் சொல்லிவிடுகின்றன.

முதல் சோதனையைப் பாருங்கள். ₹5,100இல் 5 சதவீதம் கழித்தால் ₹4,845 மிஞ்சும். அடுத்த விதி ₹5,000 கேட்கிறது. ₹4,845 அதற்கு எட்டாததால் அந்த விதி ஒதுங்கிக்கொண்டது, உங்களுக்கு ₹255 மட்டும் கழிந்தது. ₹5,400இல் 5 சதவீதம் போனால் ₹5,130. அது ₹5,000ஐத் தாண்டுவதால் அதன்மேல் இன்னொரு 10 சதவீதம் விழுந்து ₹4,617 ஆனது. ₹783 பிறந்த இடம் அதுதான். ₹11,000 முதல் இரண்டு விதிகளில் ₹9,405 ஆகிவிட்டதால் மூன்றாம் விதிக்குக் கிட்டவில்லை. ₹12,000 இரண்டு விதிகளையும் கடந்து ₹10,260ஆக நின்றதால் மூன்றாவதும் சேர்ந்துகொண்டு ₹8,721இல் முடிந்தது.

அதாவது, உங்கள் விதிகள் ஒவ்வொன்றும் வாடிக்கையாளர் கூடையில் போட்ட சரக்கின் தொகையை அளக்கவில்லை. முந்தைய விதி கழித்தது போக மிஞ்சிய தொகையை அளக்கின்றன. அதிகபட்சத்தை நிரப்புவது விதிகளுக்கு வேலி போட்டதே தவிர, அளக்கும் தொகையை மாற்றவில்லை. பெரம்பூர் நண்பர் சொன்ன அதிகபட்சத்தை மட்டும் நிரப்பி, பழைய 5, 10, 15 வரிசையையே வைத்திருந்தால் எண்கள் தற்செயலாகச் சரியாக வந்திருக்கும். தவறு உள்ளேயே பதுங்கியிருக்கும். வரிசையைத் தலைகீழாக்கியதும் ₹5,400 முதலில் 10 சதவீதம் இழந்து ₹4,860 ஆகி, ₹2,000 முதல் ₹4,999 வரையிலான வேலிக்குள் போய் விழுந்து, 5 சதவீதத்தையும் வாங்கிக்கொண்டது. ₹10,400 ₹8,840 ஆகி, 10 சதவீத வேலிக்குள் விழுந்தது. பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதால்தான் அதே ₹783 திரும்பி வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டே. பிளகினின் பொது அமைப்புகளில், எந்தத் தொகையை வைத்து விதியைச் சரிபார்ப்பது என்ற தேர்வு பெரும்பாலும் இருக்கும். அதைத் தள்ளுபடிக்கு முந்தைய கூட்டுத்தொகைக்கு மாற்றுங்கள். பிறகு, முதலில் பொருந்தும் விதியோடு நிறுத்தும் தேர்வை இயக்கி, 15, 10, 5 என்ற வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள். இவை இரண்டும் அமைந்தபின் அதிகபட்சத் தொகை தேவைப்படாது. நீக்கிவிடுவது நல்லது என்றே சொல்வேன். ₹4,999 என்று முடித்து ₹5,000 என்று அடுத்ததைத் தொடங்கினால், பைசாவோடு ₹4,999.50 என்று ஒரு கூடை வரும் நாளில் அது எந்த விதியிலும் அடங்காமல் தள்ளுபடியே இல்லாமல் போய்விடும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: வூகாமர்ஸின் சொந்தக் கூப்பனில் குறைந்தபட்சச் செலவு என்ற கட்டம், கூப்பன் கழிவதற்கு முன்னால் கூடைப் பக்கத்தில் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் கூட்டுத்தொகையோடு ஒப்பிடப்படுகிறது. கூடையில் விலையை வரியோடு காட்டும்படி வைத்திருந்தால் வரியோடும், இல்லையென்றால் வரி இல்லாமலும் ஒப்பிடும். பல கூப்பன்கள் சேரும்போது ஒவ்வொன்றும் மூல விலையின்மேல் கணக்கிடப்படுவதே இயல்பு நிலை. ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடும் தேர்வை நாமாக இயக்கினால்தான் அடுத்த கூப்பன் குறைந்த விலையின்மேல் விழும். தனிப் பிளகின்கள் இந்த வழக்கங்களைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், நிறுவியவுடன் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சோதிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ₹1 விலையில், வரியில்லாமல், கடைப் பட்டியலில் தெரியாத சோதனைப் பொருள் ஒன்றை உருவாக்கி, எண்ணிக்கையை மட்டும் மாற்றுங்கள். 1,999, 2,000, 4,999, 5,000, 9,999, 10,000 ஆகிய ஆறு எண்ணிக்கைகளையும் உள்நுழையாத நிலையில், மறைநிலைச் சாளரத்தில் பாருங்கள். நடுவில் உள்ள தொகைகளில் பிழை அரிதாகவே தெரியும், விளிம்புகளில்தான் தெரியும்.

கேட்டவர்

அம்பத்தூர் அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி. அளக்கும் தொகையின் தேர்வு, "மேம்பட்டவை" என்ற பகுதிக்குள் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அது "நடப்புத் தொகை" என்பதில் இருந்ததை இப்போது மாற்றிவிட்டேன். ₹5,100க்கு ₹510, ₹5,400க்கு ₹540, ₹11,000க்கு ₹1,650, ₹12,000க்கு ₹1,800. ஆறு விளிம்புகளும் சரியாக வருகின்றன.

இன்னொரு சந்தேகம். சில சேலைகளின் விலையை ஏற்கெனவே குறைத்து வைத்திருக்கிறேன். அவற்றுக்கு இந்தத் தள்ளுபடி மறுபடியும் விழக்கூடாது. ஆனால், குறைத்த சேலை ஒன்று ₹3,000, குறைக்காத சேலை ஒன்று ₹2,500 என்று ஒருவர் வாங்கினால் அவரை ₹5,500 வாங்கியவராகக் கருதுவதா, ₹2,500 வாங்கியவராகக் கருதுவதா?

மறுமொழி 3 (பழைய வண்ணாரப்பேட்டை, துணிக்கடை)

அது மென்பொருள் தீர்மானிக்கும் விஷயம் இல்லை அம்மா, நீங்கள் தீர்மானிக்க வேண்டியது. எல்லையைத் தொடுவதற்கு ஒரு பொருள் கணக்கில் சேருமா என்பது ஒன்று. அந்தப் பொருளுக்குத் தள்ளுபடி விழுமா என்பது வேறொன்று. எங்கள் கடையில் குறைத்த சரக்கை எல்லைக்குச் சேர்த்துக்கொள்கிறோம், தள்ளுபடி மட்டும் தருவதில்லை. உங்கள் எடுத்துக்காட்டில் ₹2,500க்கு 10 சதவீதமாக ₹250 கழியும். கல்லாவில் நிற்கும் வாடிக்கையாளர் மொத்தத்தைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார். "இதைச் சேர்க்க மாட்டோம்" என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடுகிறது. வூகாமர்ஸின் சதவீதக் கூப்பனில் குறைத்த பொருட்களை விலக்கும் தேர்வும் இப்படியே நடந்துகொள்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் படிகளிலேயே இருக்கிறது. ₹4,990க்கு வாங்குபவர் 5 சதவீதம் போக ₹4,740.50 கட்டுகிறார், ₹5,000க்கு வாங்குபவர் ₹4,500 கட்டுகிறார். பத்து ரூபாய்ச் சரக்கு கூடுதலாக வாங்கியவர் ₹240.50 குறைவாகக் கட்டுகிறார். இதைக் கண்டுபிடிக்கும் வாடிக்கையாளர் கைக்குட்டை ஒன்றைச் சேர்த்துப் படியைத் தாண்டுவார். அது தவறில்லை, அப்படி வாங்கத் தூண்டவே நாம் படி வைக்கிறோம். ஆனால் தெரியாமல் ₹4,990இல் நின்றுவிட்டவர் பிறகு தெரிந்துகொண்டால் வருத்தப்படுவார். ஆகவே கூடைப் பக்கத்தில் "இன்னும் ₹10க்கு வாங்கினால் 10 சதவீதம் கிடைக்கும்" என்று காட்டும் வசதியை அவசியம் இயக்கிவிடுங்கள்.

திரும்ப வரும் சரக்குக்கும் முன்கூட்டியே ஒரு முறை வையுங்கள். ₹5,400க்கு வாங்கி ₹4,860 கட்டியவர் ₹1,200 சேலையைத் திருப்பினால், வூகாமர்ஸ் பில்லில் அந்தச் சேலைக்கு விழுந்த விலை ₹1,080 என்றுதான் இருக்கும். அதைக் கொடுத்தால் மீதமுள்ள ₹4,200க்கு அவர் 10 சதவீதம் பெற்றவராகிறார், உங்கள் விதிப்படி 5 சதவீதம்தான் உண்டு. மறுகணக்குப் போட்டால் ₹3,990 போக ₹870தான் திரும்பக் கிடைக்கும். நாங்கள் ₹1,080ஐயே கொடுத்துவிடுகிறோம்; ₹210க்காக ஒரு வீட்டாரின் நல்லெண்ணத்தை இழக்க மனம் வரவில்லை. நீங்கள் எதைத் தேர்ந்தாலும் வாங்கும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மறுமொழி 4 (நங்கநல்லூர், ஜிஎஸ்டி கணக்குப் பணி)

கேள்வியில் "தைத்த குர்தாக்கள்" என்று இருப்பதைக் கண்டதால் எழுதுகிறேன். சேலைகளைப் பொறுத்தவரை கவலை இல்லை. அவை துணி வகையில் வருவதால் விலை எதுவானாலும் 5 சதவீதம்தான். தைத்த ஆடைகள் அப்படி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் ஆடையின் விற்பனை மதிப்பு ₹2,500 வரை இருந்தால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். அதற்கு முன் ₹1,000 என்ற எல்லையும் 5, 12 என்ற விகிதங்களும் இருந்தன. பழைய அமைப்பை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் உடனே பார்க்கவும்.

பில்லிலேயே காட்டப்படும் தள்ளுபடி, சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி விற்பனை மதிப்பில் சேராது. ஆகவே வரிக்கு முன் ₹2,700 விலையுள்ள குர்தாவைத் தள்ளுபடியில்லாமல் விற்றால் 18 சதவீதம் வரி. அதே குர்தா 10 சதவீதத் தள்ளுபடியில் ₹2,430 ஆகிவிட்டால் வரி 5 சதவீதம். வூகாமர்ஸிலோ வரி வகுப்பு (எந்த விகிதத்தில் வரி என்ற அமைப்பு) பொருளோடு கட்டப்பட்டிருக்கிறது. தள்ளுபடியால் விலை இறங்கினாலும் வகுப்பு தானாக இறங்காது. வாடிக்கையாளரிடம் ₹2,551.50 வாங்க வேண்டிய இடத்தில் ₹2,867.40 வாங்கிவிடுவீர்கள். அதிகமாக வாங்கிய ₹315.90ஐ நீங்கள் வைத்துக்கொள்ளவும் முடியாது. வரி என்று வசூலித்ததை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்று 76ஆம் பிரிவு சொல்கிறது. நட்டம் முழுவதும் வாடிக்கையாளருக்கு.

கேட்டவர்

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் ஐயா. என்னிடம் ₹2,500ஐத் தாண்டிய குர்தாக்கள் ஏழு இருக்கின்றன. தள்ளுபடிக்குப் பின் வரி வகுப்பையும் மாற்றும்படி செய்ய எவ்வளவு வேலை ஆகும்?

மறுமொழி 5 (அம்பத்தூர், இணையக்கடை அமைப்புப் பணி)

முடியும், ஆனால் ஆறு நாட்களில் செய்து, சோதித்து, விற்பனை நாளில் நம்பி விடக்கூடிய வேலை இல்லை. கூடை தரும் விகிதம் கூடையில் உள்ள மற்ற பொருட்களைப் பொறுத்து மாறுவதால், ஒரே குர்தா ஒரு கூடையில் 18 சதவீதத்திலும் இன்னொன்றில் 5 சதவீதத்திலும் நிற்கும்; ஒவ்வொரு மாற்றத்திலும் மறுகணக்குப் போட வேண்டும். இப்போதைக்கு எளிய வழி, அந்த ஏழு குர்தாக்களையும் தனி வகையில் வைத்து, கூடைத் தள்ளுபடி அவற்றுக்கு விழாதபடி விலக்குவது. எல்லைத் தொகைக்கு வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒரு குர்தாவை ஆடிக்குக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், பொருளின் விலையையே ₹2,500க்குக் கீழே இறக்கி, அதன் வரி வகுப்பையும் கையால் 5 சதவீதத்துக்கு மாற்றி, ஆடி முடிந்ததும் இரண்டையும் திருப்பி வையுங்கள். இரண்டில் ஒன்றை மறந்துவிடுவது எளிது, நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

ஏழு குர்தாக்களையும் விலக்கிவிட்டேன். எல்லைக்கு மட்டும் சேரும்படி வைத்திருக்கிறேன். ₹2,700 குர்தா ஒன்றும் ₹2,500 சேலை ஒன்றும் சேர்த்துப் பார்த்ததில், சேலைக்கு ₹250 கழிந்தது, குர்தா 18 சதவீத வரியோடு அப்படியே நின்றது. திருப்பும் சரக்குக்கு வண்ணாரப்பேட்டை அண்ணாச்சியின் முறையையே எடுத்துக்கொண்டு, வாங்கும் பக்கத்தில் இரண்டு வரியாக எழுதியிருக்கிறேன். "இன்னும் இவ்வளவுக்கு வாங்கினால்" என்ற அறிவிப்பு கைப்பேசியில் பணம் கட்டும் பொத்தானை மறைக்கிறது. அதை மட்டும் இன்றிரவு சரிசெய்ய வேண்டும்.